இரண்டாவது விநாடி

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழி தாண்டியதும் இடது கைப்பக்கம் மகேந்திரகிரி தெரியும். அனுமார் இலங்கைக்குத் தாவ உந்திய மலை என்பார்கள். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சட்டத்தில் பிணைத்து, பறக்கவிடாமல் எரியவிட்டுப் பார்க்கிறது.

2023 ஜூலை 1ஆம் தேதி மண்ணெண்ணெயிலும் திரவ ஆக்சிஜனிலும் இயங்கும் புது எஞ்சினை, வால்பக்கத்துத் தீயறை நீங்கலாக, ஓட்டிப் பார்த்தார்கள். நாலரை விநாடி ஓடவேண்டும். 1.9 விநாடி வரை எல்லாம் கணக்குப்படி. இரண்டாவது விநாடியில் டர்பைனில் அழுத்தம் எகிறியது, சுழற்சி விழுந்தது. உடனே நிறுத்திவிட்டார்கள்.

"அப்போ பெயிலுதானே?" என்றார் எங்கள் தெருக்காரர் ஒருவர். நாஞ்சில் நாட்டில் பரீட்சை என்றால் இரண்டே முடிவுதான். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. நிறுத்தாமல் விட்டிருந்தால் என்னவெல்லாம் நேரலாம் என்பதைப் பார்க்கவேண்டும்.

பம்ப் ஸ்டவ் பற்றவைத்த பெண்களுக்குச் சொல்லவே வேண்டாம். எண்ணெயைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தாமதமாக நீட்டினால் 'குப்'பென்று கூரைக்கு எழும்பும். எஞ்சினிலும் அதே கதைதான். பற்றுவது ஒரு கண்சிமிட்டும் நேரம் பிந்தினால், அதற்குள் தேங்கிய எரிபொருள் முழுவதும் ஒரேயடியாகப் பற்றும். அறை தாங்காது. பம்பின் இறகு லேசாக உரசினாலும் ஆபத்து. அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனுக்குள் இரும்பும் விறகுதான். குழாயில் யாரோ துடைக்காமல் விட்ட துளி கிரீஸ் போதும். இவற்றைவிடப் பொல்லாதது, தீ சீராக எரியாமல் அதிர ஆரம்பிப்பது. சந்திரனுக்கு ஆளனுப்பிய எஃப்-1 எஞ்சினுக்கு 1960களில் இந்த வியாதி இருந்தது. எரியும் அறைக்குள்ளேயே சிறு குண்டை வெடித்து, அதிர்ச்சி தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள் அமெரிக்கர்கள். நம் ஊர் வைத்தியர்கூட அவ்வளவு துணியமாட்டார்!

வெடித்த பிறகு காரணம் தேடுவது லேசல்ல. அதே ஜூலை 14இல் ஜப்பானில் நோஷிரோவில், எப்சிலான் எஸ் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு சோதனையில் வெடித்தது. அது திட எரிபொருள். பற்றவைக்கும் கருவியின் ஒரு பகுதி உருகித் தெறித்து உள்காப்பைக் கெடுத்தது என்று கண்டார்கள், திருத்தினார்கள். 2024 நவம்பரில் தனேகாஷிமாவில் மறுபடி வெடித்தது. சிதறிய துண்டுகளைப் பொறுக்கித்தான் விடை தேட வேண்டும்.

மகேந்திரகிரியில் 2025 மார்ச் 28 அன்று மறுபடி ஓட்டினார்கள். 2.5 விநாடி. அடுத்த மாதம் 3.5.