சாப்பாட்டு அறையைக் கேளுங்கள்!

டாக்டர் பட்டம் வாங்கிய உங்கள் பெண் இரண்டு கடிதங்களோடு வந்து நிற்கிறாள். மேல் ஆராய்ச்சிக்கு எந்த ஊருக்குப் போவது? பதில் சொல்லுமுன் என்னோடு கேம்பிரிட்ஜுக்கு வாருங்கள்.

லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். எங்கு பார்த்தாலும் சைக்கிள். நடுவே காம் நதி. காவேரியை நினைத்துக்கொள்ளாதீர்கள், நம் வாய்க்காலுக்கு அக்கா, அவ்வளவுதான்!

1951-ல் ஜேம்ஸ் வாட்ஸன் என்ற 23 வயது அமெரிக்கர் இங்கே வந்தார். முதலில் போனது கோபன்ஹேகனுக்கு. அங்கே மனசு ஒட்டவில்லை. உதவித்தொகை கொடுத்தவர்கள் முகம் சுளித்தும் இடம் மாறினார். பேச்சுத் துணைக்கு கிரிக் கிடைத்தார். 1953-ல் டி.என்.ஏ.யின் முறுக்கிய ஏணி வடிவத்தை இருவரும் வெளியிட்டார்கள். லண்டனில் ரோஸலிண்ட் ஃப்ராங்க்ளின் என்ற பெண்மணி செய்த ஆராய்ச்சியும் அதற்குக் கைகொடுத்தது.

1962-ல் ஊரின் தென்புறம் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது. தலைவர் மாக்ஸ் பெருட்ஸ். சாப்பாட்டு அறையைப் பல வருஷங்கள் நடத்தியவர் அவர் மனைவி கிஸெலா! பெரிய விஞ்ஞானியும் நேற்று வந்தவரும் பேதமின்றி உட்கார்ந்து பேசவே அந்த ஏற்பாடு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 1999-ல் சம்பளம் குறைந்தாலும் சரியென்று அமெரிக்காவை விட்டு இங்கே வந்தார். 2009-ல் நோபல் பரிசு!

ஆகவே, அம்மணிகளே, சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் கணக்குப் போடுங்கள், வேண்டியதுதான். அத்துடன், "அங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய்?" என்றும் கேளுங்கள். தெரியாவிட்டால், இப்போது அங்கே வேலை செய்பவர்களுக்கு எழுதி விசாரிக்கட்டும். கடிதத்துக்குப் பதில் அப்புறம் போடலாம்.