கண்டக்குழி மணலில் ஒரு மலைச் சைக்கிள்

மலையென்று சொல்லத்தக்க மேடொன்றும் இல்லாத கண்டக்குழியில், மலைச் சைக்கிளொன்றை வானின் கூரையிற் கட்டிக்கொண்டு நான் போய் இறங்கியபோது, தேநீர்க் கடையில் இருந்தவர்கள் சிரித்ததிற் குற்றமில்லை. காரணத்தை அவர்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, நேயர்களிடம் சொல்லலாம். ஐம்பத்திரண்டு வயதில் ஆசைப்பட்டு வாங்கிய அந்த வண்டி, சென்ற ஆண்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதையொன்றில் முதல் நாளே என்னைத் தூக்கி எறிந்தது. வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்திற் பொருந்திற்று. அச்சமோ போகவில்லை; சிறிய இறக்கமொன்றைக் கண்டாலும் விரல்கள் தாமாகவே பிறேக்கை இறுக்கிக்கொள்ளும்.

பாலாவிச் சந்தியிற் புத்தளம் வீதியை விட்டுத் திரும்பினாற் கற்பிட்டிக் குடாநாடு. ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் கடல். இடையே தென்னையும் பனையும், கிணற்று நீரில் விளையும் மிளகாய், வெங்காயத் தோட்டங்களும். நுரைச்சோலையையும், புனித அன்னம்மாள் ஆலயம் விளங்கும் தலவிலவையும் கடந்து சென்றாற் கண்டக்குழி. டொல்பின் கூட்டங்களைக் காட்ட வள்ளங்கள் புறப்படும் கரை இது. வைகாசி முதற் புரட்டாதி வரை சோளகக் காற்று வீசும்போது, இடுப்பிற் பெரும் பட்டத்தைக் கொளுவி, காலிற் பலகையோடு நீரின்மேல் வழுக்கி ஓடும் விளையாட்டுக்காகப் பல நாட்டவரும் இங்கே வருகின்றனர். மார்கழி, தை, மாசியிலும் ஒரு சிறு பருவம் உண்டு.

நான் சென்றது மாசியில். மணற்றிட்டின் பின்னே அடங்கிக் கிடந்த ஆழமற்ற நீரில், புதிதாகப் பட்டம் பழகுவோர் விழுவதும் எழுவதுமாக இருந்தார்கள். விழுந்தால் வெறும் நீர் என்பதால் ஆசிரியர்கள் அவ்விடத்தைத் தெரிந்திருந்தார்கள். நான் மணலைத் தேடி வந்ததும் அதே கணக்கில்தான்.

இவ்வண்டியின் பிறப்பும் சாதுவானதன்று. 1976 ஒக்டோபரிற் கலிபோர்ணியாவின் மரின் பகுதியில் இளைஞர் சிலர் பழைய தடித்த ரயர் சைக்கிள்களில் மலைச்சரிவொன்றிற் பந்தயம் விட்டார்கள். பின்சில்லின் பிறேக்கிலிருந்த கிறீஸ் சூட்டிலே புகைந்து போகும். மீண்டும் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் அப்பந்தயத்துக்கு ‘ரீபக்’ என்றே பெயர் வந்தது. 1977 இல் ஜோ பிறீஸ் என்பவர் இதற்கெனவே தனிச் சட்டகம் செய்தார். 1996 இல், அட்லாண்டாவில், இது ஒலிம்பிக் விளையாட்டாயிற்று.

முதல் நாட் காலையிற் பதினொரு முறை விழுந்தேன். உலர்ந்த மணலில் முன்சில்லு புதையும், கைப்பிடி திரும்பும், நான் சாய்வேன். வேலியோரம் நின்ற இரண்டு கழுதைகள் மட்டுமே சாட்சி என்று எண்ணியிருந்தேன். அப்போது, பின்னால் மீன்பெட்டி கட்டிய பழைய லுமாலாவில், சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் அதே மணல் வழியே ஆடாமல் அசையாமல் வந்தார்.

“ஐயா, சில்லைப் பார்க்காதீங்க, போற இடத்தைப் பாருங்க. ரயரில காத்தையும் கொஞ்சம் இறக்குங்க” என்றார்.

“நானா, எத்தனை வருசப் பழக்கம்?”

“விழுந்ததை எண்ணினா வருசம் தெரியும்.”

அவர் சொன்னது சரியே. காற்றைக் குறைத்தால் ரயர் பரந்து மணலின்மேல் நிற்கும். இலேசான கியரில் இடைவிடாது மிதித்து, உடலைச் சற்றுப் பின்னே வைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். அலை நனைத்துவிட்டுப் போன விளிம்பிலோ, ஈரம் மணற்றுகளைப் பிணைத்து வைத்திருப்பதாற் பாதை கெட்டியாக இருக்கும். அங்கே கால் மைல் தூரம் நெஞ்சு நிமிர்த்தி ஓடினேன்.

ஆயினும் என் உண்மையான பாடம் வேறு. மணலும் மணிக்கட்டை முறிக்கும். விழுகையிற் கையை நீட்டி நிலத்தை ஊன்றுவது உடம்பின் இயல்பு, முறிவும் அதனால்தான். கைப்பிடியை விட்டு, முழங்கையை ஒடுக்கி, நாடியை நெஞ்சோடு சேர்த்து, தோளாலே உருள வேண்டும். இரண்டாம் நாள் வண்டியின்றியே மணலில் உருண்டு பழகினேன். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் என்னைவிட நன்றாக உருண்டார்கள். (தலையில் அடிபட்டுத் தலைச்சுற்றோ வாந்தியோ வந்தால் வைத்தியசாலைக்கே போக வேண்டும், பலத்த அடி வாங்கிய தலைக்கவசத்தையும் மீண்டும் அணியலாகாது.)

நான்காம் நாள் மணல்மேடொன்றின் உச்சியிலிருந்து இறங்கினேன். விரல்கள் பிறேக்கை இறுக்கவில்லை. பாதி வழியிற் சில்லு புதைந்தது, விழுந்தேன். எழுந்து பார்த்தபோது தோளெல்லாம் மணல். உள்ளங்கைகளில் ஒரு துகளும் இல்லை.

மாலையிற் சங்கிலியின் உப்பை நன்னீரிற் கழுவி எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தேன். வெறும் பெட்டியோடு திரும்பிய நானா வண்டியை நிறுத்தினார்.

“ஐயா மலைக்கு எப்பப் போறீங்க?”

“சித்திரையில்” என்றேன். அந்தத் தேயிலைத் தோட்டப் பாதையை நினைத்துத்தான் சொன்னேன்.