பேத்திக்குச் சொன்ன தப்பான பதில்

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் டீ குடிக்கும்போது படியுங்கள்.

போன மார்கழியில் நடந்ததை இப்போதுதான் எழுத மனசு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் விலங்கியல் நடத்திய ஆள், பேத்தி கேட்ட ஒரு கேள்விக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன். சாதாரணத் தப்பு இல்லை, ஒரு உயிருக்கே உலை வைத்திருக்கும்.

மகள் குடும்பம் இங்கிலாந்தில் நார்விச்சில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஹார்ஸி என்று ஒரு கடற்கரை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை சாம்பல் நிற சீல்கள் அங்கே கரையேறி மணலில் குட்டி போடும். (சீலுக்கு நம் புத்தகங்களில் கடல்நாய் என்று இருக்கும். சிலர் நீர்நாய் என்றும் எழுதுவார்கள், அது தப்பு. நீர்நாய் வேறு குடும்பம், நம் காவிரியிலேயே இருக்கிறது. குழப்பம் வேண்டாம், சீல் என்றே எழுதுகிறேன்.)

இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானம். வீடியோ காலில் பேத்தி. கயிறு கட்டி மறித்திருந்த இடத்துக்கு ரொம்பத் தள்ளி, ஆள் இல்லாத பக்கம் ஒரு வெள்ளை முடிக் குட்டி தனியாகக் கிடந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்து கன்னத்து முடியெல்லாம் நனைந்திருந்தது. அசையவே இல்லை.

"தாத்தா, இது அழுவுது. அம்மாவக் காணோம். மூச்சும் விடல."

நான் யோசிக்கவே இல்லை. "மாப்பிள்ளை, கரையில கிடந்து காய்ஞ்சா செத்துடுமுங்க. துண்ட வச்சு மெதுவா தண்ணிக்குள்ள தள்ளி விடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் "சரிங்க மாமா" என்று இரண்டடி எடுத்து வைத்துவிட்டார். நல்ல வேளை, காவலுக்கு நின்ற தன்னார்வலர் ஒருவர், என் வயசுதான் இருக்கும், கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்து தடுத்தார். தொடாதீர்கள், தூரம் போங்கள், நாயைக் கிட்டே விடாதீர்கள் என்று மூன்றே விஷயம் சொன்னாராம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அதன்பிறகு நாலைந்து வாரம் இதைத்தான் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது.

முதலில் அந்தக் கண்ணீர். நமக்குக் கண்ணிலிருந்து மூக்குக்குப் போகிற சின்னக் குழாய் ஒன்று உண்டு, பத்தாம் வகுப்பிலேயே படம் போட்டிருக்கிறேன். சீலுக்கு அது கிடையாது. கண்ணைக் காக்கச் சுரக்கிற தண்ணீர் கரையில் இருக்கும்போது வெளியேதான் வழிய வேண்டும். கண் நனைந்திருந்தால் அது நல்ல அறிகுறிதான். உடம்பில் நீர் குறைந்த குட்டிக்குத்தான் அந்த ஈரம் இருக்காது.

மூச்சு விடாததும் அப்படித்தான். சீல் தூங்கும்போது நிமிஷக் கணக்கில் மூச்சை நிறுத்தும். தண்ணீரில் முங்கும் முன் நம்மைப் போல் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளாது, மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் முங்கும். ஆக்சிஜன் சேமிப்பு நுரையீரலில் இல்லை, ரத்தத்திலும் சதையிலும். சதையில் இருக்கிற மயோகுளோபின்தான் அதன் இறைச்சியைக் கருஞ்சிவப்பாக ஆக்குகிறது. ஆனால் குட்டி பிறக்கும்போது இந்தச் சேமிப்பு பெரியதில் ஒரு பங்குதான் இருக்கும். இதயத் துடிப்பைக் குறைத்து ஆக்சிஜனை மிச்சம் பிடிக்கிற வித்தையும் அதற்கு அப்போது சரியாக வராது. சீல் குட்டி என்றால் பிறவி நீச்சல்காரன் என்று நான் நினைத்ததுதான் தப்புக்கு வேர்.

அந்த வெள்ளை முடி இருக்கிறதே, அது காற்றில் குளிர் தாங்கும். தண்ணீரில் நனைந்தால் தாங்காது. குளிர்கடலில் உடம்புச் சூட்டைக் காப்பது தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு. அது பிறக்கும்போது கொஞ்சம்தான். அந்தக் குட்டியை நாங்கள் வட கடல் தண்ணீரில் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கொழுப்பு எப்படி வருகிறது என்பதுதான் என்னை அசத்தியது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம். சாம்பல் சீலின் பாலில் பாதிக்கு மேலே கொழுப்பு! பால் என்பதைவிட உருக்காத வெண்ணெய் என்று சொல்லலாம். பிறக்கும்போது சுமார் 14 கிலோ இருக்கிற குட்டி, நாளுக்கு 2 கிலோ வீதம் ஏறி, மூன்று வாரத்துக்குள் 40 கிலோவைத் தாண்டிவிடும். பால் கொடுக்கிற தாய் அந்த நாட்களில் பெரும்பாலும் பட்டினி. தன் உடம்பை உருக்கித்தான் கொடுக்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிப் போகும். பிறகு ஒரு நாள் எழுந்து கடலுக்குள் போய்விடும். திரும்பி வராது.

வேட்டையாடக் கற்றுக்கொடுப்பது எல்லாம் கிடையாது. குட்டி மணலிலேயே கிடக்கும், இரண்டு மூன்று வாரம், சில சமயம் நான்கு வாரம்கூட, ஒன்றும் தின்னாமல். வெள்ளை முடி கொட்டி அடியில் குட்டை முடி வந்துவிடும். குடிக்கத் தண்ணீரும் வேண்டாம், கொழுப்பு எரியும்போது கிடைக்கிற நீரே போதும். வெளியே பார்ப்பவர்களுக்கு அநாதை மாதிரி, சோம்பேறி மாதிரி தெரியும். உள்ளே ரத்தம் பெருகிக்கொண்டிருக்கும், சதையில் மயோகுளோபின் ஏறிக்கொண்டிருக்கும். அதாவது அந்தப் பட்டினியில்தான் முங்குகிற உடம்பு தயாராகிறது. அந்தக் கொழுப்பு தீருவதற்குள் அது தானாக மீன் பிடிக்கக் கற்றாக வேண்டும். எத்தனை கிலோவோடு தாய் விட்டுப் போனது என்பதைப் பொறுத்தே பிழைப்பு. ஏறக்குறைய பாதிக் குட்டிகள் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை.

இப்போது புரிகிறதா, அந்தத் தன்னார்வலர் ஏன் ஓடிவந்தார் என்று? மொத்தமே மூன்று வாரப் பால். ஆள் கிட்டே போய், தாய் மிரண்டு கடலில் இறங்கி, அரை நாள் வராமல் போனால் அந்த எடையை ஈடுகட்ட வேறு நாள் கிடையாது. தாயும் குட்டியும் மோந்து பார்த்துத்தான் ஒன்றை ஒன்று அடையாளம் வைத்துக்கொள்கின்றன. பிரிந்துபோய்ப் பட்டினியில் சாகிற குட்டிகள் நிறைய.

நம் கடலில் சீல் கிடையாது. பாலை குளிர்ந்த தண்ணீருக்கானது இந்தக் கணக்கெல்லாம். பாக் நீரிணையில் இருக்கிற கடற்பசு, மீனவர்கள் ஆவுளியா என்பார்கள், வேறு மாதிரி. ஒரே குட்டி, ஒன்றரை வருஷம் வரை பால், தாயின் பக்கத்திலேயே நீந்திக்கொண்டு. அதற்காக நம் அரசு 2022-இல் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தது. பதினெட்டு மாதமும் பதினெட்டு நாளும்! இரண்டுமே தாய்தான்.

இனி நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற என் மாணவர்களுக்கு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் என்றதும் இங்கே முட்டை விலை விழுந்தது ஞாபகம் இருக்கும். அதே எச்5என்1, உருமாறி, 2023-இல் தென்னமெரிக்கக் கரைகளில் கடற்சிங்கங்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. அந்த அக்டோபரில் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் யானை சீல்கள் குட்டி போட்டிருந்த நேரம். சுமார் 17,000 குட்டிகள் செத்தன. அந்த வருஷம் அங்கே பிறந்ததில் நூற்றுக்கு 95-க்கும் மேல். உங்கள் பண்ணை வாசலில் வண்டிச் சக்கரம் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏறித்தான் உள்ளே வரும். கடற்கரைக்கு வாசல் ஏது?

இதற்கு முன் 1988-இல் வட கடல் பக்கம் ஒரு வைரஸ் 18,000 சீல்கள் வரை கொன்றிருக்கிறது, பெரும்பாலும் வேறொரு சிறிய வகை. நாய்க்கு வருகிற டிஸ்டெம்பருக்குப் பங்காளி அந்த வைரஸ். நாயைக் கிட்டே விடாதீர்கள் என்றதை முதலில் கடிக்குப் பயந்து சொன்னார் என்றுதான் நினைத்தேன்.

பொங்கல் முடிந்து மறுபடியும் ஹார்ஸி போயிருந்தார்கள். இந்த முறை கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார்களாம். அந்தக் குட்டி கிடந்த பக்கம் மணலில் வெள்ளை முடி கொத்துக் கொத்தாகக் கிடந்ததைப் பேத்தி தூரத்திலிருந்தே போனில் காட்டினாள்.

"கடலுக்குப் போயிடுச்சா, இல்ல செத்துடுச்சா தாத்தா?"

"தெரியல கண்ணு" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, அங்கே ராத்திரி பனி விழுந்த கதையை ஆரம்பித்துவிட்டாள்.