சினை எடுக்கும் கை

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பது நம் வழக்கு. கேட்பவர் எவரும் விடையை எதிர்பார்ப்பதில்லை. வட அமெரிக்க ஏரிகளில் வாழும் மஸ்கலஞ்சு என்னும் மீனைப் பற்றி அறிந்த நாள்முதல் அந்தக் கேள்வி எனக்கு வேறொரு வடிவில் தோன்றத் தொடங்கியது. நீந்துவது இருக்கட்டும், எவ்வளவு வளரலாம் என்பதை அக்குஞ்சுக்கு யார் சொல்லி அனுப்புகிறார்?

மஸ்கலஞ்சு நன்னீரில் வாழும் பெருமீன். நீண்ட உடல், வாத்தின் அலகை நினைவூட்டும் தட்டையான வாய், அதனுள் ஊசிகளை நட்டு வைத்தாற்போன்ற பற்கள். பைக் எனப்படும் மீன் குடும்பத்தில் இதுவே பெரியது; ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். அதன் பெயர் ஓஜிப்வே மக்களின் மொழியிலிருந்து வந்தது. விஸ்கான்சின் மாநிலம் 1955-இல் இதைத் தன் மாநில மீனாக ஏற்றுக்கொண்டது. பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒன்று கிடைக்கும் என்பது அந்நாட்டுத் தூண்டிற்காரர் கூற்று. புலி வாழும் காட்டில் புலிகள் சிலவாகவே இருப்பதுபோல, ஏரியின் பசிவரிசையில் உச்சியில் நிற்கும் இம்மீனும் ஓர் ஏரியில் சிலவாகவே இருக்கும். ஆகவே மனிதன் சற்று மிகுதியாகப் பிடித்துவிட்டாலும் அதன் குலம் தளர்ந்துவிடுகிறது.

பெற்றோர் காவலும் அதற்கு இல்லை. பனிக்கட்டி உருகி, நீரின் வெப்பம் 9 முதல் 15 பாகை செல்சியஸ் வரை உயரும் இளவேனிலில், பெண் மீன் கரையோரத்து ஆழமற்ற நீரில் தன் சினையைச் சிதறவிட்டுப் போய்விடுகிறது. கூடு இல்லை; அடைகாப்பு இல்லை. சேற்றில் அமிழ்ந்து மூச்சின்றி அழிவன பல. பிற உயிர்க்கு இரையாவன பல. கரையோரங்களில் மாளிகை எழுப்பியோர் தம் கண்ணுக்கு அழகில்லை என்று நீர்ப்பூண்டுகளை அகற்றிவிட்ட ஏரிகளிலோ, சினையிடும் இடமே குறைந்துவிட்டது. இக்குறையை நிரப்பவே பொரிப்பகங்கள் எழுந்தன. நியூயார்க் மாநிலத்துச் ஷட்டாக்வா ஏரியில் இம்முயற்சி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

மினசோட்டாவில் ஓர் இளவேனிலில் இவ்வேலையைக் கரையில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கரையிலிருந்து ஏரிக்குள் நீளும் ஒரு வலைவேலி. அதன் முடிவில் வளையங்கள் கோத்த கூண்டுவலை. நம் கடலோரத்துக் கேலோங் எவ்வாறு மீனை வழிமறித்து உள்ளே செலுத்துகிறதோ, அவ்வாறே இதுவும். காலைக் குளிரில் படகு சென்று வலையைத் தூக்கிற்று. அகப்பட்ட மீன்களை நீர்த்தொட்டியில் இட்டுக் கொணர்ந்தனர். ஒவ்வொரு பெண் மீனின் வயிற்றையும் தடவிப் பார்த்தனர். சினை முற்றாதது உடனே ஏரிக்குத் திரும்பிற்று, அவசரப்படுத்தினால் பயனில்லை.

முற்றிய மீனை ஒருவர் தலைப்புறமும் மற்றவர் வாற்புறமுமாகத் தாங்கிக்கொள்ள, அதன் வயிற்றை முதலில் துணியால் துடைத்தனர். நீரில் பிறக்கப்போகும் உயிருக்கு இத்தொடக்கத்தில் நீரே பகை என்பது எனக்குப் புதுமையாக இருந்தது. நீர் பட்டவுடன் சினைமுட்டையின் நுண்துளை மூடத் தொடங்கும். ஆண் மீனின் விந்தும் நீர் பட்ட பிறகு மிகக் குறுகிய நேரமே உயிர்ப்புடன் இயங்கும். ஆகவே உலர்ந்த கிண்ணத்தில் சினையை வடித்து, அதன்மேல் ஆண் மீன்களின் விந்தைச் சேர்த்த பின்னரே நீர் ஊற்றுகின்றனர். பறவை இறகால் கலக்குவது பழைய முறை. விரலைவிட இறகு மென்மையானது என்று கண்டவன் நுண்ணறிவாளன்தான். பெருவிரல் அளவான அழுத்தம் வயிற்றின்மீது மெல்ல நகர்ந்தபோது, பொன்னிற மணிகள் கிண்ணத்துள் சரிந்தன. எவரும் உரக்கப் பேசவில்லை. பின்பு மீனை அளந்து, குறிப்பெழுதி, நீரில் இறக்கிச் சற்றே தாங்கிப் பிடித்தனர். அது வாலை ஒருமுறை அசைத்து ஆழத்துள் மறைந்தது.

இதன்பின் நிகழ்வன பெரும்பாலும் தொழிற்சாலை வேலை. சினை நீரில் ஊறிக் கெட்டியாகிறது. குடுவையால் அளந்து எண்ணிக்கை காண்கின்றனர். கீழிருந்து நீர் ஊறும் கண்ணாடிச் சாடிகளில் அது சுழன்றுகொண்டிருக்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவருகின்றன. முதலில் நுண்ணுயிரிகளைத் தின்னும். பின்பு சிறு மீன்களை. உணவு தாழ்த்தால் ஒன்றையொன்று தின்னவும் தயங்கா. இலையுதிர் காலத்துக்குள் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளர்ந்தவை ஏரிகளில் விடப்படுகின்றன. 2005, 2006 ஆண்டுகளில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப்பகுதியில் மஸ்கலஞ்சுகள் ஒரு நச்சுக்கிருமி நோயால் மடிந்ததற்குப் பின்னர், சினையை அயோடின் கரைசலால் தூய்மை செய்வதில் கண்டிப்பு கூடியிருக்கிறது.

ஆண்டுதோறும் ஏன் இந்தப் பாடு? தாய் மீன்களைக் குளத்தில் அடைத்து வளர்த்துவிட்டால் என்ன? குளத்தில் செழிப்பவை குளத்துக்கு ஏற்ற மீன்களே. சில தலைமுறைகளில் அவற்றின் குஞ்சுகள் காட்டு ஏரியில் பிழைக்கும் திறனை இழக்கலாம். ஆகவே ஏரியிலேயே வளர்ந்து, ஏரியிலேயே தப்பிப் பிழைத்த தாயிடம் கையேந்துகின்றனர். ஒரு தாயின் சினைக்குப் பல ஆண் மீன்களைச் சேர்ப்பதும், பல தாய்களிடம் சிறிது சிறிதாகப் பெறுவதும் குலம் குறுகிவிடாமல் இருப்பதற்கே.

ஆனால் எந்த ஏரியின் தாய்? மினசோட்டா இக்கேள்விக்குப் பெருவிலை கொடுத்தது. 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம்வரை அம்மாநிலம் கனடிய எல்லையருகே உள்ள சூபேக் என்னும் சிற்றேரியின் மீன்களிடமிருந்தே சினையைப் பெற்றுப் பல ஏரிகளுக்குக் குஞ்சுகளை அனுப்பியது. அங்கே மீன் மிகுதி. வலையில் எளிதில் சிக்கும். அம்மீன்களோ ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. புதிய ஏரிகளில் இடமும் இரையும் நிறைந்திருந்தும் அவற்றின் வழிவந்தவை பெரிதாக வளரவில்லை. ஒரே ஏரியில் இரு குலத்தையும் விட்டு ஒப்பிட்டபோது, லீச் ஏரியின் குலம் மிக விஞ்சி வளர்ந்தது. லீச் என்றால் அட்டை. நம் தோட்டப்புறத்தார் அப்பெயரைக் கேட்டாலே குனிந்து காலைப் பார்த்துக்கொள்வர். 1955 ஜூலையில் அந்த ஏரியில் சில நாள்களுக்குள் மஸ்கலஞ்சுகள் குவியல் குவியலாகப் பிடிபட்ட செய்தி அக்காலத்திலேயே பெரிதும் பேசப்பட்டது. பெருமீன் மாநிலத்துக்குள்ளேயே இருந்தது; சினையோ எளிதாகக் கிடைத்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1980-களில்தான் பொரிப்பகங்கள் லீச் ஏரிக் குலத்துக்கு மாறின. இன்று அம்மாநிலத்தில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கலஞ்சைப் பிடித்தால் பெரும்பாலான ஏரிகளில் திரும்ப விட்டுவிட வேண்டும் என்னும் விதி இருப்பதை எண்ணினால், இம்மாற்றத்தின் அளவு விளங்கும்.

சூபேக் மீனைத் தாழ்ந்த குலம் என்று சிலர் எழுதுகின்றனர். அதை என்னால் ஏற்க இயலவில்லை. சிற்றேரியில் இரை குறைவு. அங்கே விரைவில் முதிர்ந்து, சிறிய உடலோடு நின்றுகொள்வது அறிவுடைமை. அந்த அறிவு குருதியில் எழுதப்பட்டுப் பெருகியிருக்கிறது. அதைப் பெயர்த்தெடுத்துப் பேரேரியில் இட்டு, ஏன் வளரவில்லை என்று கேட்டவர் மனிதரே. வகுப்பறையில் நின்று பழகியவர்களுக்கு இவ்விடத்தில் சில முகங்கள் நினைவுக்கு வரக்கூடும்.

எல்லா ஏரியிலும் இம்மீனை விடவேண்டும் என்பதும் என் கருத்தன்று. உண்ணும் மீன்களை இது தின்று தீர்த்துவிடும் என்று கரையில் வாழ்வோர் சிலர் எதிர்க்கின்றனர். அவ்வச்சம் பெரும்பாலும் மிகையானது என்றாலும், முன்பு இம்மீன் இல்லாத ஏரியில் அதைப் புகுத்துமுன் தயங்குவது நல்லதே. இருந்து அழிந்த இடத்தில் மீட்பது ஒன்று. இல்லாத இடத்தில் விளையாட்டுக்காக வைப்பது மற்றொன்று.

சூபேக் ஏரி இன்று வாயேஜர்ஸ் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியிருக்கிறது. அங்குச் செல்லச் சாலை இல்லை. பெரிய ஏரியைப் படகில் கடந்து, பின்னர் காட்டுவழியே நடக்க வேண்டும். அந்தச் சிறிய மஸ்கலஞ்சுகள் அங்கே தாமே சினையிட்டுத் தாமே பெருகி வாழ்கின்றன. இளவேனிலில் மாநிலத்துப் பொரிப்பகங்களுக்காகக் கிண்ணம் ஏந்தி அவற்றைத் தேடி வருவார் இப்போது இல்லை.