கார்னாக்கின் சிறு கற்கள்

பிரான்ஸின் பிரிட்டனிக் கரையில் உள்ள கார்னாக்குக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது, பெரிய கல் எங்கே என்றுதான். மானியோ காட்டுக்குள் ஆறரை மீட்டர் உயரத்தில் ஒற்றையாக நிற்கிறது அது. பார்க்க வேண்டிய கல்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவை மெனெக் என்னும் இடத்துக் கல் வரிசைகளில் இருக்கும் குட்டிக் கற்கள். மேற்குக் கோடியில் ஆளைவிட உயரமாகத் தொடங்கும் நெடுங்கற்கள், கிழக்கே நடக்க நடக்க இடுப்பளவாகி, முழங்காலளவாகிவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் இப்படிச் சுமார் 3000 கற்கள், 6000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து நிற்கின்றன.

சில கற்களின் அடியில் குனிந்து பார்த்தால், சாம்பல் நிறப் பாசிக்கு நடுவே சிவப்புச் சிமெண்டில் சின்னதாய் ஒரு பொட்டு. விழுந்து கிடந்ததைப் பிற்காலத்தில் தூக்கி நிறுத்தினோம் என்பதற்கு அடையாளம். தொல்பொருளைத் தொட்டவர் தான் தொட்ட இடத்தை மறைக்காமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பழுதுபார்ப்பில் இந்த நேர்மையைவிடப் பெரிய மரியாதை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1991இல் இங்கே வேலி போட்டபோது ஊர்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சின்ன வயதிலிருந்து ஓடியாடிய இடமாயிற்றே! அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் வேலி தேவைப்பட்டது. கூட்டம் மிதித்து மிதித்துப் புல் செத்தது. புல் போனதும் மழை மண்ணை அரித்தது. மண் போனால் கல்லுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் சிறு கற்கள் வெளியே வந்துவிடும், கல் ஆட்டம் காணும். இப்போது கோடைக்காலத்தில் வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம், குளிர்காலத்தில் தாராளமாக நடக்கலாம். நல்ல ஏற்பாடு.

2023இல் இதே ஊரில், வீட்டுப் பழுதுபார்ப்புக் கருவிகள் விற்கும் கடை ஒன்று கட்டுவதற்காக 39 சிறு கற்களைப் பெயர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவை உண்மையிலேயே தொல்கற்கள்தானா என்பது உறுதியில்லை என்றது அரசின் பண்பாட்டுத் துறை. எனக்கு அந்தப் பதில்தான் அதிகம் வலித்தது. தோண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இனி எப்படித் தெரியும்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ, கார்னாக்கையும் மோர்பிஹான் கரையோரப் பெருங்கற்சின்னங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சி. ஆனால் பட்டியல் எல்லைக்கு வெளியே, யாரோ ஒருவரின் தோட்டத்து வேலியோரம், முழங்கால் உயரத்தில் நிற்கும் கல்லையும் நகராட்சி வரைபடத்தில் குறித்தாக வேண்டும். கட்டட அனுமதிக்கு மனு வருகிற அன்றே அந்தக் குறி அதிகாரியின் கண்ணில் பட வேண்டும்.