மூன்று ஞாயிறு வாசித்த ஓலை



உங்கள் தோட்டத்துக் கோவிலில் பூசை முடியும் தறுவாயில் சாமியார் ஒரு தாளை எடுத்து அறிவிப்புகள் வாசிப்பார் அல்லவா? இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமண ஓலை. இன்னாருடைய ஆத்துமத்துக்காகப் பூசை. வரும் சனிக்கிழமை கோவில் வளாகம் கூட்டிப் பெருக்க ஆட்கள் தேவை. அந்த நேரத்தில் நம்மில் பாதிப் பேருக்குக் காது அங்கே இருக்காது. ஒருவர் செருப்பைத் தேடுவார், ஒருவர் பிள்ளையைத் தேடுவார். நானும் அப்படி இருந்தவள்தான். இப்போது அப்படி இல்லை. ஏன் என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். நீங்கள் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, மாதா கோவிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, இது நம் எல்லாருக்கும் பொதுவான கதை.

ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அதே வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்கள் தோட்டத்தில் பூசை. டவுனிலிருந்து சாமியார் மோட்டார் சைக்கிளில் வருவார். அறிவிப்பு வாசிக்கும்போது என் பாட்டி மட்டும் முன்னால் சாய்ந்து, காதருகே கையை வைத்துக்கொண்டு கேட்பார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் கேட்பார்: "சிங்கப்பூர்ச் சேதி ஏதாச்சும் சொன்னாரா பாப்பா?"

பாட்டிக்கு ஒரே மகன், ஒரே மகள். மகன் என் அப்பா. மகள் என் அத்தை. அத்தையை நான் பார்த்ததே இல்லை. 1974ஆம் ஆண்டில், இருபது வயதில், மின்னணுத் தொழிற்சாலை வேலைக்காக அவர் சிங்கப்பூர் போனார். அந்தக் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பெண்கள் அப்படிப் பாலம் கடந்து போனார்கள் என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். இரண்டு வருடம் மாதந்தவறாமல் கடிதமும் பணமும் வந்தன. பிறகு இரண்டும் நின்றுவிட்டன. "அவ முகவரியை மாத்திக்கிட்டா" என்பதுதான் அப்பா எங்களுக்குச் சொன்ன காரணம்.

1986 நவம்பர் 20ஆம் தேதி போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பர் சிங்கப்பூருக்கு வந்து தேசிய விளையாட்டரங்கில் பூசை வைத்தார். அப்பா அதற்குப் போனார். புறப்படும்போது பாட்டி வாசல்வரை வந்து, "தங்கச்சி கண்ணுல பட்டா கையோட கூட்டிக்கிட்டு வந்துடுப்பா" என்றார். மறுநாள் திரும்பி வந்த அப்பா, "கூட்டம் அதிகம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அப்போது எனக்கு ஆறு வயது. 1991இல் பாட்டி கண்ணை மூடினார்.

பிறகு வருடங்கள் ஓடின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் இருந்த குடும்பங்கள் பாதிக்கு மேல் டவுனுக்குக் குடிபோய்விட்டன. அப்பா பக்கவாதத்தில் படுத்தார். 2024 செப்டம்பர் 12ஆம் தேதி, போப் பிரான்சிஸ் சிங்கப்பூரில் வைத்த பூசையை என் கைப்பேசியில் அவருக்குக் காட்டினேன். பீடத்தைக் காட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். மக்கள் கூட்டத்தைக் காட்டும்போது மட்டும் விழித்துப் பார்த்தார். பிறகு, குழறிய பேச்சில், "அவ இருப்பாளா பாரும்மா" என்றார்.

எழுபத்தேழு வயது மனிதர், உள்ளங்கை அகலத் திரையில், நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு தொலைத்த தங்கையைத் தேடுகிறார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

எங்கிருந்து தேடுவது? முகவரி இல்லை, படம்கூட ஒன்றே ஒன்றுதான். என்னோடு வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர்தான் வழி சொன்னார். "ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தீர்களா?"

இந்த விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால், பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானத் தாய், ஞானத் தகப்பன் எல்லாவற்றையும் பங்குக் கோவிலின் பெரிய புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, உலகத்தின் எந்த மூலையில் உள்ள கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம் செய்துகொண்டாலும், கல்யாணம் நடந்த கோவிலிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இங்கே இருப்பவர்கள் அதைப் பழைய பதிவின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஏற்கெனவே மணமானவரா என்று தெரிந்துகொள்வதற்காகத் திருச்சபைச் சட்டம் வகுத்த ஏற்பாடு அது. பிள்ளை வீட்டைத் துறக்கலாம், வீடு பிள்ளையைத் துறக்கலாம். புத்தகத்தின் ஓரத்தில் அவளுக்கென்று விட்ட இடம் அப்படியே இருக்கும்.

டவுன் கோவிலில் 1954ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்துத் தந்தார்கள். பதிவு லத்தீனில் இருந்தது. அத்தையின் பெயருக்கு எதிரே, ஓரத்தில், வேறு மையில் ஒரு வரி: 1976, சிங்கப்பூர், லூர்து மாதா கோவில். கூடவே ஓர் ஆண்பிள்ளையின் பெயர்.

ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் வியப்பே இல்லை. வெகுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதை வெளியே வந்தது. அத்தை தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். அவரும் கத்தோலிக்கர்தான், ஆனால் வேறு சாதி. ஒரே பீடத்தில் நன்மை வாங்குகிறவர்களுக்குள் சாதி ஏது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அப்பா, "இனி இந்தப் பக்கம் தலை காட்டாதே" என்று பதில் போட்டிருக்கிறார். சில மாதம் கழித்துச் சிங்கப்பூரில் வேலை பார்த்த தோட்டத்து ஆள் ஒருவர் லீவில் வந்து, "உன் தங்கச்சிக்கு ஓலை வாசிக்கிறாங்கப்பா, வந்து நின்னு நடத்தி வை" என்று சொல்லியிருக்கிறார். அப்பா போகவில்லை. பாட்டியிடம் சொல்லவும் இல்லை. அத்தையிடமிருந்து பிறகு வந்த கடிதங்களைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டிருக்கிறார். 1986இல் விளையாட்டரங்கில் பூசையைப் பார்க்காமல் முகம் முகமாய்த் தேடியிருக்கிறார். ஆனால், ஒரு நடை அந்தக் கோவிலுக்குப் போய்க் கேட்க வெட்கம் விடவில்லை.

பெற்ற அப்பாமேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பதினைந்து வருடம் காதருகே கை வைத்துக் கேட்டாரே என் பாட்டி!

நவம்பரில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் ஜொகூர் பாரு போய், பாலம் கடந்து, 170ஆம் எண் பேருந்தில் குவீன் ஸ்திரீட் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஓபிர் ரோட்டுக்கு நடக்கிற தூரம்தான். இந்தப் பக்கம் நாம் துணிமணி வாங்கப் போகும் சிராங்கூன் ரோடும் தேக்காவும் இருக்கின்றன. எத்தனையோ முறை தேக்காவுக்கு வந்து புடவை எடுத்துப் போயிருக்கிறேன். இவ்வளவு பக்கத்தில் இந்தக் கோவில் இருப்பதை அறியாமலே போயிருக்கிறேன்.

லூர்து மாதா கோவிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்கள் முதலில் குவீன் ஸ்திரீட்டில் 1870இல் கட்டிய புனித இராயப்பர் சின்னப்பர் கோவிலில் சீனர்களோடு சேர்ந்து பூசை கண்டார்கள். தமிழர்களுக்கென்று தனிக் கோவில் வேண்டும் என்று 1886இல் அடிக்கல் நாட்டி, 1888இல் திறந்ததுதான் இது. பிரான்சு நாட்டில் 1858இல் மாதா காட்சி தந்த லூர்து நகரத்துப் பேராலயத்தின் சாயலில், உயர்ந்த கோபுரத்தோடு கட்டினார்கள். கப்பலேறி வந்த நம் முன்னோர் வேலை முடிந்து வந்து முழங்காலிட்ட இடம். 2005இல் சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1972 வரை நம் ஜொகூரும் சிங்கப்பூரும் மலாக்கா-சிங்கப்பூர் என்ற ஒரே உயர் மறைமாவட்டமாக இருந்தன. அரசாங்கம் 1965இல் பிரிந்தது. கோவில் ஏழு வருடம் கழித்துத்தான் பிரிந்தது. அதனால்தான் பழைய குடும்பங்களில் அண்ணனுக்கு இங்கே ஞானஸ்நானம், தங்கைக்கு அங்கே கல்யாணம் என்று இருக்கும்.

தமிழ்ப் பூசை. கோவில் நிறைந்திருந்தது. பட்டுப்புடவை அணிந்த சிங்கப்பூர்த் தாய்மார்கள் ஒரு பக்கம்; தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, வாரத்தில் கிடைத்த ஒரு நாளில் முழுக்கைச் சட்டை போட்டு வந்த இளைஞர்கள் ஒரு பக்கம். அந்தப் பையன்களைப் பார்த்தபோது என் அத்தையும் இப்படித்தானே ஒரு நாள் தனியாக வந்து நின்றிருப்பார் என்று தோன்றியது.

பூசைக்குப் பிறகு அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னேன். "யாருடைய முகவரியையும் நாங்கள் கொடுப்பதில்லை அம்மா. உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அறிவிப்பில் வாசிக்கிறோம். அவர்களுக்கு விருப்பம் இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்" என்றார்கள். அதுவும் நியாயம்தானே? தேடுகிறவருக்கு உரிமை இருப்பதுபோல், ஒதுங்கி இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு.

ஒரு காலத்தில் சிராங்கூன் வட்டாரத்திலும் துறைமுகத்தைச் சுற்றியும் கூட்டமாக இருந்த தமிழ்க் குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகள் வந்தபின் தோ பாயோ, ஆங் மோ கியோ, ஈசூன் என்று சிதறிவிட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட பங்குகளில் ஆளுக்கொரு பங்கில் இருக்கிறார்கள். என் அத்தை எங்கே இருப்பாரோ, இருக்கிறாரோ இல்லையோ என்ற கலக்கத்தோடு திரும்பினேன்.

முதல் ஞாயிறு வாசித்தார்கள். பதில் இல்லை. இரண்டாம் ஞாயிறும் வாசித்தார்கள். திங்கட்கிழமை இரவு கைப்பேசி ஒலித்தது.

"மருமகளா பேசுறது? அண்ணன் உசிரோட இருக்காரா?"

இருக்கிறார் என்றேன். "அம்மா?"

1991 என்று சொன்னேன். மறுபுறம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்லிய குரலில், "எனக்கு ஒருத்தரும் சொல்லலியேம்மா. இத்தனை வருஷமும் அம்மா பேருல சுகத்துக்கு இல்ல பூசை கொடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

என்னால் பதில் பேச முடியவில்லை.

டிசம்பர் விடுமுறையில் அத்தை வந்தார். மகன் காரோட்டி வந்தார். எழுபது வயதிலும் நிமிர்ந்த நடை. அப்படியே பாட்டியின் முகம். அப்பாவின் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தார். இருவரும் பேசவில்லை. கடைசியில் அப்பாதான், "மாப்பிள்ளை வரலியா?" என்று குழறினார். முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அவரு போயி ஒம்பது வருஷமாச்சு அண்ணே" என்றார் அத்தை. பிறகு சொன்னார்: "மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க. மூணு ஞாயிறும் நான் பீடத்தப் பாக்கல. வாசலத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அப்பா தேம்பித் தேம்பி அழுதார். மன்னித்துவிட்டேன் என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. அடுக்களைக்குப் போய்த் தானே கஞ்சி காய்ச்சி எடுத்து வந்து, ஆற்றி, அண்ணனுக்கு ஊட்டினார். மாலையில் செம்பனைகளுக்கு நடுவே இருக்கும் தோட்டத்துக் கல்லறைக்குப் போனோம். பாட்டியின் சிலுவையைச் சுற்றி மண்டியிருந்த புல்லை, எங்கள் ஒருவரையும் கிட்டே விடாமல், தன் கையாலேயே பிடுங்கினார்.

2025 மார்ச்சில் அப்பா காலமானார். இந்த முறை சொல்ல வேண்டியவருக்கு முதலில் சொன்னேன். அடுத்த ஞாயிறு எங்கள் கோவிலிலும், ஓபிர் ரோட்டுக் கோவிலின் தமிழ்ப் பூசையிலும் அப்பாவின் பெயரை வாசித்தார்கள். அங்கே பூசைக்குக் கொடுத்தது அத்தை. இங்கே நான் செருப்பைத் தேடவில்லை. காதருகே கை வைத்துக் கேட்டேன்.

வாசகர்களே, என் வேண்டுகோள் மூன்றுதான். தோட்டங்கள் கலைந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், வெளியூர் போன உறவுகளின் முகவரியைச் சுவரிலோ கைப்பேசியிலோ மட்டும் வைக்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் பங்குக் கோவிலிலோ, பள்ளிப் பதிவேட்டிலோ உங்கள் குடும்பத்தின் பெயர்கள் எழுதிய பக்கத்தை ஒரு முறை போய்ப் பாருங்கள். எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும், பெற்றவள் செத்த சேதியை மட்டும் யாருக்கும் மறைக்காதீர்கள்.

இந்த ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும்போது கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். அதில் உங்கள் வீட்டுச் சேதி இருக்கலாம்.