சின்னம் நீங்கிய வாகனம்



கடலூரில் வசிக்கும் நாங்கள், சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் தமக்கையைக் காண மாதம் ஒருமுறையேனும் செல்வது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு கார் வாங்கினோம். கைமாறி வந்த பழைய வண்டிதான். ஆயினும் முகப்பில் மின்னிய நிறுவனச் சின்னம் எவரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பரங்கிப்பேட்டைப் பிரிவைக் கடந்து சிதம்பரம் சேர்ந்தபோது, மச்சான் தம் மொபெட்டை வாசலிலிருந்து உருட்டிச் சென்று தெருமுனையில் நிறுத்தினார். "உங்க வண்டிக்கு எடம் வேணும்ல" என்றார். இடம் தாராளமாகவே இருந்தது. அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மறு ஞாயிறு, சின்னத்தை அகற்றிவிட முடிவு செய்தோம். பானட்டைத் திறந்து, மேல் விளிம்பின் திருகுகளையும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் கழற்றியதும் கிரில் தளர்ந்து வந்தது. ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, பின்புறப் பிடிப்புகளை மெல்ல நெம்பினோம், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். எஞ்சிய துளையைக் கறுப்பு வலையால் மூடினோம். ரேடியேட்டருக்குச் செல்லும் காற்று தடைபடக் கூடாதல்லவா? புதிய கார்கள் சிலவற்றில், முன்செல்லும் வாகனத்தின் தொலைவை அளக்கும் ரேடார் இச்சின்னத்தின் பின்னால்தான் இருக்கும். அவற்றில் கை வைக்கலாகாது. எங்கள் வண்டியில் அது இல்லை.

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது நண்பர்கள் காரணம் கேட்டனர். பெருமையை வெறுத்து அகற்றியதாகச் சொன்னோம். அடுத்த வாரம் கேளாதவர்களிடமும் சொன்னோம். வீடு திரும்புகையில் மகன் கேட்டான்: "அத்தா, அதைக் கழட்டினதையே எல்லார்கிட்டயும் சொல்றீங்களே, அது பெருமை இல்லையா?"

எங்களிடம் பதில் இல்லை. பெருமைக்காக ஆடையை இழுத்துச் செல்பவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, தம் ஆடையும் கவனம் தவறினால் சரிந்துவிடுகிறதே என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் கவலைப்பட்டார்கள். பெருமைக்காகச் செய்வோரில் நீர் ஒருவரல்லர் என்று நபியவர்கள் ஆறுதல் அளித்த செய்தி புகாரியில் உள்ளது. சரிந்த ஆடை ஒன்றே. உள்ளத்தின் நிய்யத்தே வேறு. அவ்வாறெனில், ஆடம்பரத்தைக் கழற்றி எறிந்த கையிலும் பெருமை ஒட்டிக்கொண்டிருக்க இயலும். அபூபக்ர் (ரலி) அவர்களோ தம்மை ஐயுற்றார்கள். நாங்கள் எங்களை மெச்சிக்கொண்டோம்.

அந்தச் சின்னம் எங்கள் கருவிப்பெட்டியில் இருக்கிறது. வண்டியை விற்கும் நாளில் வாங்குபவரிடம் சேர்ப்பிப்போம். சிதம்பரம் செல்லும்போது இப்போதெல்லாம் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடக்கிறோம். ஏன் என்று மச்சான் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. சென்ற மாதம் தமக்கை மீன் வாங்கிவரச் சொன்னபோது, மச்சான் வாசலில் நின்ற மொபெட்டைக் கிளப்பி, "ஏறுங்க" என்றார். ஏறிக்கொண்டோம்.

பிறர் அறியும் பெருமையிலிருந்தும், நாமே அறியாத பெருமையிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.